பேட்டியைத் தேநீரிலேயே முடித்துவிடாதீர்கள்

சென்ற மாதம் எங்கள் சமுதாய வானொலி நிலையத்துக்கு ஒரு சிறுகதை எழுத்தாளர் வந்திருந்தார். பேட்டி எடுக்க வேண்டியவர்கள் இரண்டு கல்லூரி மாணவிகள், தன்னார்வலர்களாகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நான் உள்ளே வேறொரு பதிவை வெட்டிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் அரை மணி நேரம் ஒரே சிரிப்பு. பிறகு மூவரும் ஒலிப்பதிவு அறைக்குள் போனார்கள், சிவப்பு விளக்கு எரிந்தது. சிரிப்பு மட்டும் வராந்தாவிலேயே தங்கிவிட்டது. எரிச்சல் அவர்கள் மேல் வந்ததா, பழைய என் மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

புத்தகத்தைப் படிக்காமல் போவது, பெயரைத் தப்பாகச் சொல்வது, பேட்டரி பார்க்காமல் கிளம்புவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை அவமானப்பட்டால் தானாகவே திருந்திவிடும் தவறுகள் அவை. பேட்டி எடுப்பவர்களிடம் அப்படித் தானாகத் திருந்தாத தவறுகள்தான் கீழே.

பேட்டிக்கு முன்பே கதையைக் கேட்டுவிடுவது

2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்து மூன்று மாதம் இருக்கும். தென்னந்தோப்பு முழுவதையும் இழந்த ஓர் அம்மாவைப் பார்க்க அவர் வீட்டுக்கே போயிருந்தேன். திண்ணையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். நம் ஊர் மரியாதைப்படி, போனதும் மைக்கை நீட்ட முடியுமா? பையை ஓரமாக வைத்துவிட்டு, "அன்றைக்கு ராத்திரி எப்படி அம்மா இருந்தது?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். இருட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்களாம். ஒவ்வொரு மரமும் விழும் சத்தத்தை வைத்தே, இது கிணற்றடி மரம், இது மாமனார் வைத்த மரம், இது மகள் பிறந்தபோது வைத்தது என்று கணவரிடம் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். கடைசியாக ஒரு சத்தம். அது எந்த மரம் என்று தெரியவில்லை. விடிந்து பார்த்தால் பக்கத்துத் தோப்பு மரம், வேலியைத் தாண்டி இவர் பக்கம் விழுந்து கிடந்தது. "அதையும் சேர்த்துத்தான் அழுதேன்" என்றார்.

தேநீர் ஆறிப்போயிருந்தது. அவசர அவசரமாக ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து, ஹெட்போனை மாட்டி, அதே கேள்வியைக் கேட்டேன். "அதுதான் சொன்னேனே தம்பி. எல்லா மரமும் போய்விட்டது. அரசாங்கம் ஏதாவது செய்ய வேண்டும்" என்றார்.

இருபத்தெட்டு நிமிடம் பதிவு செய்தேன். கிணற்றடி மரம் வந்தது, மாமனார் மரம் வரவில்லை. பக்கத்துத் தோப்பு மரம் வரவே இல்லை. "வேலியைத் தாண்டி விழுந்தது என்றீர்களே" என்று எடுத்துக் கொடுத்ததும், "ஆமாம், விழுந்தது" என்றார். அவர் மேல் என்ன பிழை? எனக்குத் தெரிந்துவிட்ட கதையை எனக்கே திரும்பச் சொல்ல யாருக்கும் கூச்சமாகத்தானே இருக்கும்? கதையை இன்னும் கேட்காத நேயர் ஒருவர் அந்தக் கருவிக்குள் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும், அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

முன்கூட்டியே பேசிப் பார்ப்பது தப்பில்லை. ஆனால் ஊர், ஆண்டு, உறவு, பெயர் என்று குறித்துக்கொள்ளும் விவரங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "எப்படி இருந்தது" என்ற கேள்வி மைக்குக்கு உரியது. தேநீர் நேரத்தில் பேச வேண்டும் என்றால் பஸ் கிடைத்ததா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். ஒலி அளவைச் சரிபார்க்கவும் இட்லி, சட்னி போதும். விருந்தினர் தானாகவே கதைக்குள் இறங்கினால் கையைக் காட்டி நிறுத்துங்கள்: "ஐயா, இதை நேயர்களுக்கு வைத்துக்கொள்வோம்." மரியாதைக் குறைவாகத் தோன்றும், தோன்றட்டும். இப்போதெல்லாம் நான் உட்கார்ந்த உடனேயே அனுமதி கேட்டுக் கருவியை ஓடவிட்டுவிடுகிறேன். தேநீர் தானாக உள்ளே போய்விடுகிறது.

கதை கைநழுவிப் போய்விட்டால் "திரும்பச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். வேறு வாசலைத் தட்டுங்கள். அன்றைக்கு நான், "வீட்டுக்குள் என்ன விளக்கு வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டிருக்கலாம். விளக்கிலிருந்து தொடங்கியிருந்தால் மரத்துக்கு வந்திருப்பாரோ என்னவோ.

கேள்விகளை எழுதி அனுப்புவது

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குப் பத்துக் கேள்விகளை முன்பே அனுப்பினோம். முழுநீளத் தாளில் ஒன்பது பக்கம் பதில் எழுதி வந்து வாசித்தார். பக்கம் புரட்டும் சத்தம் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. தலைப்பை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்"

சொல்வார். பிறந்த ஊர், படிப்பு, பெற்ற விருதுகள் என்று ஏழு நிமிடம்.

வாசிக்க வேண்டிய பக்கத்தை எழுத்தாளரையே தேர்ந்தெடுக்கச் சொல்வது

பெரும்பாலும் தமக்குப் பிடித்த வர்ணனைப் பக்கத்தை எடுப்பார்கள். கண்ணுக்கு இனிக்கும் நீண்ட வாக்கியம் காதில் நிற்காது. இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடமாகப் பார்த்து நீங்களே பென்சிலால் குறித்து வையுங்கள். ஒரு பக்கம் போதும். வாசித்து முடித்ததும் "அருமை, அருமை" என்று பாயாதீர்கள். அந்தப் பக்கம் நேயரிடம் போய்ச்சேர இரண்டு விநாடியாவது ஆகும்.

"ம்" கொட்டுவது

தலையை ஆட்டுங்கள். வானொலியில் அது கேட்காது.

இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்பது

இரண்டாவதற்குத்தான் பதில் கிடைக்கும்.

எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை மறப்பது

எங்கள் ஒலிபரப்பின் வீச்சு பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். சின்னது என்று அலட்சியம் வரும். ஆனால் விருந்தினர் குறைசொல்லும் மைத்துனர் அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறார். வாய்க்கால் தகராறு, கோயில் வரவு செலவு என்று பேச்சு திரும்பினால், பெயர் சொல்லாமல் பேசுமாறு அப்போதே சொல்லிவிடுங்கள். கட்சி அரசியலுக்கும் உரிமத்தில் இடமில்லை. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி தயாரிக்கவும் கூடாது, ஆகாஷ்வாணியின் (முன்பு ஆல் இந்தியா ரேடியோ) செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம், அவ்வளவுதான். எழுத்தாளர்களுக்கு இதைச் சொன்னால் முகம் சுருங்கும். பதிவுக்குப் பிறகு சொல்லி, வெட்டி எறிந்தால் இன்னும் சுருங்கும்.

நன்றி சொன்னதும் நிறுத்துவது

பேட்டி முடிந்த பிறகு யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். வெட்டிய இடங்களில் ஒட்டுப் போட அது தேவை. விருந்தினரிடம் இதைச் சொல்லிவிட்டு எல்லாரும் வாயை மூடி உட்கார்ந்திருப்போம். பாதி பேரால் அந்த மௌனத்தைத் தாங்க முடியாது. பதினைந்தாவது விநாடியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன்" என்பார்கள். கையைப் பொத்தானிலிருந்து எடுத்துவிடுங்கள்.