பார்வையிழந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தம் நூலைத் தாமே எழுதி வெளியிடும் முறை

31 ஆண்டுகள் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கண் அழுத்த நோய் பணியின் இறுதி ஆண்டுகளிலேயே என் பார்வையைப் பறித்துவிட்டது. என் முதல் நூலை நான் சொல்லச் சொல்ல அன்புள்ள ஒருவர் எழுதித் தந்தார். நான் சொன்ன 'வெள்ளாமை' அவர் கையில் 'விவசாயம்' ஆகியிருந்ததை, நூல் அச்சாகி வந்தபின் பேத்தி படித்துக் காட்டியபோதுதான் அறிந்தேன். எனவே, என் நிலையில் உள்ள ஆசிரியர்களிடம் நான் முதலில் வலியுறுத்துவது இதுதான்: கைப்பிரதி முதல் எழுத்திலிருந்து கடைசி மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழைதிருத்தும் படி) வரை நீங்களே சரிபார்க்கக்கூடிய வடிவில் இருக்க வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியில், திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் டாக்பேக் வசதியை இயக்கி, கூகுள் டாக்ஸில் ஒரு கோப்பைத் திறந்து, ஜீபோர்டு விசைப்பலகையின் தமிழ்க் குரல் தட்டச்சில் பேசுங்கள். அதே கோப்பை மடிக்கணினியில் திறந்து, என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் மூலம் கேட்டுத் திருத்துங்கள். இது பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மென்பொருள். இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடம் பேசாமல், இரண்டு மூன்று வாக்கியங்கள் பேசியதும் நிறுத்திக் கேளுங்கள். என்ன சொன்னோம் என்பது மனத்தில் இருக்கும்போது திருத்துவது எளிது. மறுநாள் கேட்டால் கருவி எழுதியதா நாம் சொன்னதா என்று நமக்கே ஐயம் வந்துவிடும்.

குரல் தட்டச்சில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் எழுத்துமயக்கம். 'அறம்' என்று சொன்னது 'அரம்' என்று பதிவாகியிருந்தாலும் திரைவாசிப்பான் படிக்கும்போது காதுக்கு வேறுபாடு தெரியாமல் போகலாம். ஐயமுள்ள சொல்லில் நின்று, அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்து கேளுங்கள். அப்படியும் தப்புபவற்றுக்காக, தமிழ் நன்கறிந்த பழைய மாணவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது. நானும் என் மாணவரும் தொலைபேசியில் மெய்ப்பு பார்க்கும்போது, "டண்ணகரமா (ண), றன்னகரமா (ன)?", "வல்லினமா (ற), இடையினமா (ர)?" என்றே கேட்டுக்கொள்வோம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த அந்தப் பெயர்கள் இப்போது எனக்கே கண்ணாக உதவுகின்றன. ஒற்று மிகும் இடங்களையும் இப்படியே சரிபார்க்கலாம்.

அடுத்த தடை பக்க வடிவமைப்பில் வரும். நீங்கள் ஒருங்குறியில் (யூனிகோடு) அனுப்பும் கைப்பிரதியைச் சில இடங்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களுக்கு மாற்றி வடிவமைக்கிறார்கள். அப்படி உருவான மெய்ப்பைத் திரைவாசிப்பானில் திறந்தால் தமிழ் ஒலிக்காது. பொருளற்ற ஆங்கில எழுத்துகளே வரிசையாக ஒலிக்கும். ஒருங்குறி எழுத்துருவிலேயே வடிவமைக்க வேண்டும் என்பதையும், வடிவமைத்த பின் உள்ள பனுவலை வேர்ட் கோப்பாகவும் தர வேண்டும் என்பதையும் வேலை தொடங்கும் முன்பே மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். கோப்பு வந்ததும் ஓர் அத்தியாயத்தையாவது முழுமையாகக் கேட்டுப் பாருங்கள்.

ஒப்பந்தத்தையும் இதேபோல முன்கூட்டியே மின்கோப்பாகப் பெற்று, தனியே அமர்ந்து கேட்ட பிறகே கையெழுத்தோ கைரேகையோ இடுங்கள். பதிப்பாளர் எதிரில் இருந்து படித்துக் காட்டுவது போதாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது 5 ஆண்டுகளுக்கே செல்லும். எத்தனை படிகள், உரிமத்தொகை எவ்வளவு, மின்னூல் உரிமை யாருக்கு என்பவை தெளிவாக இருக்கட்டும். பணம் கேட்டு நூல் போடுபவர்களிடம் இரட்டிப்புக் கவனம் தேவை. ஓய்வூதியப் பணப்பயன் வந்த செய்தி நம்மைவிட வேகமாக ஊரில் பரவிவிடுகிறது.

சொந்தமாக வெளியிட விரும்பினால், நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் இணையவழியில் கட்டணமின்றி நீங்களே பெறலாம்.

அச்சுநூலோடு நின்றுவிடாமல் ஈபப் என்னும் மின்னூல் வடிவையும் உருவாக்கச் சொல்லுங்கள். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடிய வடிவில் நூல்களை மாற்றித் தர நம் பதிப்புரிமைச் சட்டமே இடமளிக்கிறது. பார்வையற்றோருக்கான இணைய நூலகமான சுகம்ய புஸ்தகாலயாவும் உள்ளது. என் இரண்டாம் நூலின் ஈபப் கோப்பை வெளியீட்டு நாளுக்கு முந்தின இரவு, என்னோடு பயிற்சிப் பள்ளியில் படித்த, இன்று பார்வையில்லாத நண்பருக்கு அனுப்பினேன். விடிவதற்குள் முழுவதும் கேட்டுவிட்டு, 47ஆம் பக்கத்தில் ஒரு தந்நகரம் (ந) தவறியிருக்கிறது என்று சொல்லத்தான் அவர் முதலில் அழைத்தார்.