உயிரோடிருக்கும் பங்கசில் எண்ணெய் பார்க்கையில் சறுக்கும் இடங்கள்

பங்கசைக் கொல்லாமல், சாயம் ஏற்றாமல், அதற்குள் எண்ணெய் சேருவதை இராமன் நிறமாலையில், அதாவது லேசர் ஒளி பட்டுச் சிதறும்போது அதன் அலைநீளம் எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து, பார்க்கலாம். தண்ணீரின் இராமன் சமிக்ஞை பலவீனமானது. அதனால் பங்கசின் ஈர இழையையே லேசரின் கீழ் வைக்கலாம். அகச்சிவப்பு முறையென்றால் 1640 செ.மீ⁻¹ அருகே தண்ணீர் குறுக்கே நிற்கும். இவ்வளவு வசதி இருந்தும் தரவு கெடுவதற்கு, நான் பார்த்தவரை, கருவியைவிடப் பங்கசைக் கவனியாததுதான் காரணம்.

திருகோணமலையில் முதல் தொல்லை வெக்கை. குளிர்ந்தால் பங்கசு தன் கொழுப்பமிலங்களில் இரட்டைப் பிணைப்பைக் கூட்டும், சூடேறினால் குறைக்கும். கச்சான் வீசும் மாதத்தில் பகலில் ஏசி போட்டு இரவில் நிறுத்திவிடும் அறையில் ஒரு குடுவை, 25 பாகை இன்கியூபேற்றரில் இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டு, 1656, 1440 ஆகிய உச்சிகளின் (இனி வரும் உச்சி எண்களெல்லாம் செ.மீ⁻¹இல்) விகிதம் மாறியது, எண்ணெய் சேர வைக்க ஊடகத்தில் நைதரசனைக் குறைத்ததால்தான் என்று எழுதினால் எப்படி? அந்த விகிதம் காட்டுவதே இரட்டைப் பிணைப்பின் அளவைத்தானே.

அந்த இரு உச்சிகளையும் அப்படியே நம்பவும் கூடாது. 1440 புரதத்திலிருந்தும் வரும். 1656இன் மேலேயே புரதத்தின் அமைட்டுப் பட்டையும் வந்து உட்காரும். எண்ணெய்த் துளியில் ஒன்று, அதன் பக்கத்துக் குழியவுருவில் (துளியைச் சுற்றியுள்ள கலப்பொருளில்) ஒன்று என இரண்டு நிறமாலை எடுங்கள். 1745இல் எண்ணெய்க்குரிய எசுத்தர் பிணைப்பின் உச்சி சிறியதுதான், ஆனாலும் அது தெரிகிறதா என்று பாருங்கள். ரொடொடோருலா போன்ற சிவப்பு மதுவத்தை 532 நனோமீற்றர் லேசரில் வைத்தால் 1155இலும் 1520இலும் எழும் பெரிய உச்சிகள் கரற்றினோயிட்டு நிறப்பொருளுடையவை, எண்ணெயுடையவை அல்ல.

அந்த லேசரை விட்டு 785 நனோமீற்றருக்குப் போனால் பின்னணி ஒளிர்வு குறையும். இராமன் சிதறலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகும். உடனே வலுவைக் கூட்டத்தான் கை போகும். இழை வெந்துவிடும். நகர்ந்துகொண்டிருந்த துளிகள் நின்றாலோ ஒன்றோடொன்று சேர்ந்தாலோ சந்தேகப்படுங்கள். அளந்த இழையை வளர்ப்பூடகத்தோடு விட்டு நுனி மேலும் நீள்கிறதா என்று பார்ப்பதுதான் நேர்மையான சோதனை. நீளவில்லையென்றால் ‘உயிருள்ள’ என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து எடுத்துவிடலாம்.

785இல் சாதாரணக் கண்ணாடி வழுக்கியும் ஆகாது. அதன் சொந்த ஒளிர்வு 1400ஐச் சுற்றி மேடு கட்டும். குவாட்சு அல்லது கல்சியம் புளோரைட்டு வேண்டும். மின்வெட்டு வந்து போனால் லேசரைச் சூடேறவிட்டு, கருவிக்கு அளவுகோலான சிலிக்கனின் 520 உச்சியை மறுபடி சரிபாருங்கள்.

குடுவையை இறுக மூடி, இரவு ரயிலில் வேறு ஊர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போகிறவர்களும் உண்டு. வழியில் பங்கசு தூங்குவதில்லை. காற்றுக் குறையும், சீனி தீரும். சீனி தீர்ந்தால் சேர்த்த எண்ணெயையே எடுத்துச் செலவழிக்கத் தொடங்கும். வித்திகளைக் கொண்டுபோய் அங்கேயே வளர்ப்பது மேல்.

கொழுத்த துளிகளாகத் தேடித் தேடி அளந்துவிட்டு, விளைச்சல் இவ்வளவு என்று சொல்வது இன்னொரு வழக்கம். துளியின் நிறமாலை எண்ணெயின் தன்மையைச் சொல்லும், அளவைச் சொல்லாது. முதிர்ந்த இழையில் துளிகள் நிறைந்திருக்கும், நுனியில் அரிதாக இருக்கும். அளவு வேண்டுமென்றால் அதே தொகுதியில் மீதியை வடித்து, உலர்த்தி, எண்ணெயைப் பிரித்து நிறுங்கள். உலர் நிறையில் 20 சதவீதத்தை எட்டாத பங்கசை எண்ணெய்ப் பங்கசு என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை.