மூட்டுவலி: எதைத் தின்றால் கூடும், எதைத் தின்றால் குறையும்?

மூட்டுவலி என்றதுமே தக்காளியை ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. முதலில் எந்த வகை வாதம் என்று மருத்துவரிடம் உறுதி செய்யுங்கள். அதைப் பொறுத்துத்தான் உணவின் பங்கு.

உணவு நேரடியாகச் சீண்டுவது கவுட் வகையை, அதாவது யூரிக் அமிலம் கூடுவதால் வரும் வாதத்தை. ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு சுமார் 6.8 மில்லிகிராமைத் தாண்டினால், மூட்டில் ஊசிபோன்ற படிகங்களாகப் படியலாம். ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி, மத்தி, நெத்திலி, பீர் ஆகியவற்றைக் குறையுங்கள். பலர் கோட்டைவிடுவது சர்க்கரை போட்ட குளிர்பானத்தில். அதிலுள்ள ஃபிரக்டோஸும் யூரிக் அமிலத்தை ஏற்றும். பட்டினி கிடந்து எடையைக் குறைத்தாலும் ஏறும்.

மூட்டுத் தேய்மானத்தில் எடைதான் விஷயம். 1 கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் சுமார் 4 கிலோ சுமை குறைகிறது.

உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் முடக்குவாதத்துக்கு மீன் எண்ணெய் ஓரளவு உதவும். ஆனால் 1000 மில்லிகிராம் கேப்ஸ்யூல் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்: பெரும்பாலும் இபிஏ 180, டிஹெச்ஏ 120 என்றிருக்கும். இவை மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்புகள். கணக்கில் வருவது அந்த 300 மட்டுமே. ஆய்வுகளில் இந்த இரண்டும் சேர்த்துக் கொடுத்தது நாளுக்கு சுமார் 3 கிராம். பலன் தெரிய 2, 3 மாதம் ஆகும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொடங்க வேண்டாம். வாத மருந்தை நிறுத்தவும் வேண்டாம்.

ஏதாவது உணவின் மேல் சந்தேகமா? அதை மட்டும் 3 வாரம் நிறுத்தி, காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்று தினமும் குறியுங்கள். பிறகு மறுபடி சாப்பிட்டுப் பாருங்கள். நாலைந்தை ஒன்றாக நிறுத்தினால் எது காரணம் என்று பிடிபடாது.