குடியை நிறுத்தியவருக்கு மாலை ஆறு மணி

சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாட்கள் ஒரு சொட்டும் தொடாமல் இருந்தவர், மாலையைக் கழற்றிய கையோடு டாஸ்மாக் வாசலில் நிற்பதைப் பார்க்காதவர் தமிழ்நாட்டில் குறைவு. மனவுறுதி போதாது என்று ஊர் சொல்லும். ஆனால் கவனிக்க வேண்டியது, அந்த 41 நாட்கள் அவரால் எப்படி இருக்க முடிந்தது என்பதே. விடியற்காலைக் குளியல், இருவேளைப் பூசை, 'சாமி' என்று அழைக்கும் தெரு, உடன் விரதமிருக்கும் குழு, மலையேற ஒரு தேதி என அவருடைய நாள் நிரம்பியிருந்தது. மாலையோடு சேர்ந்து அவை அனைத்தும் கழன்றுவிட்டன. கழற்றும் தேதி இல்லாத அப்படியோர் ஏற்பாட்டைத்தான் குடியை விட்டவர் அமைத்துக்கொள்ள வேண்டும்.

அதற்கு முன் உடலைப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த சில நாட்களில் மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. நிறுத்தி ஒரு வாரம்கூட ஆகாதவர், கை நடுக்கம் தானே போய்விடும் என்று காத்திராமல், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்வதே முறை.

எந்த வழி தமக்குப் பொருந்தும் என்பதை அறிய, முன்பு நிறுத்தி மீண்டும் தொடங்கிய ஒவ்வொரு முறையையும் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த நாள், எத்தனை மணி, யாருடன், கையில் எவ்வளவு பணம், மனத்தில் என்ன. நான்கைந்து வரிகளிலேயே ஒரு தடம் தெரியும். மற்றவர்களோடு இருக்கும்போதும் உடல் மதுவைக் கேட்டு நச்சரித்தது என்றால், வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். தனிமையும் வெட்கமும் காரணமென்றால், குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (ஏ.ஏ.) அமைப்பின் கூட்டங்கள் உதவும், அங்கே கட்டணம் இல்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராகத் தகுதி. அங்கே வரும் இறைவன் பற்றிய பேச்சு ஒட்டாதவர்கள், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் உளவியல் ஆலோசனையை நாடலாம். வாரக்கணக்கில் தூக்கமின்மையும் சோர்வும் நீடித்தால் மனச்சோர்வு நோய் உள்ளதா என்று பார்ப்பது முதல் வேலை. இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தால் மற்றதை விடவேண்டும் என்பதில்லை. மாத்திரை எடுத்துக்கொண்டே கூட்டத்துக்கும் செல்லலாம்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்கும் மருந்தை மட்டும் எந்த வீட்டிலும் அனுமதிக்கக் கூடாது. அத்தகைய பொடியில், குடித்தால் உடலுக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்து, அதன்மேல் அவர் குடித்துவிட்டால், இரத்த அழுத்தம் சரிந்து உயிர் போகவும் கூடும். அறிந்து, இசைந்து, மருத்துவர் கண்காணிப்பில் எடுப்பவருக்கு அதே மருந்து பயன்படும்.

குடி விட்ட இடத்தை நிரப்பும் வாழ்வின் நோக்கம் என்பது தியானத்தில் அமர்ந்தால் ஒரு நாள் பளிச்சென்று தோன்றும் என்று காத்திருப்பது வீண் என்பதே என் கருத்து. 1935 மே மாதம், குடியை விட்டு ஐந்து மாதமே ஆன நியூயார்க் பங்குத்தரகர் பில் வில்சன், தொழில் முயற்சி தோற்ற நிலையில் அமெரிக்காவின் அக்ரான் நகர விடுதியில் தனித்து நின்றார். எதிரே மதுக்கூடம். உள்ளே போகாமல் தொலைபேசியை எடுத்துத் தேவாலயங்களை அழைத்து, தம்மைப் போன்ற குடிநோயாளி ஒருவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். அப்படிச் சந்தித்த மருத்துவர் பாப் ஸ்மித்தோடு சேர்ந்து தொடங்கியதே ஏ.ஏ. இயக்கம். அன்று அவருக்குத் தேவைப்பட்டது, அந்த மாலையில் செய்வதற்கு ஒரு வேலையும், அதை யாருக்காகச் செய்வதோ அந்த ஒரு மனிதரும்.

எனவே உங்களை எதிர்பார்த்து ஒருவர் காத்திருக்கும் கடமையை மாலை ஆறு முதல் ஒன்பது வரை வையுங்கள்: பிள்ளையை டியூஷனிலிருந்து அழைத்து வருவது, கோயில் அன்னதானத்தில் பரிமாறுவது, தெருப் பையன்களுக்குக் கபடி சொல்லித் தருவது. வீட்டில் தனியாகச் செய்யும் தோட்ட வேலை நல்லதுதான், ஆனால் செடி நீங்கள் வராததைக் கேட்காது. சம்பள நாளில் பணத்தை வீட்டில் கொடுத்துவிட்டு, வழக்கமான கடை இல்லாத வழியாகத் திரும்புங்கள். நிலத்தை விற்பது, கடன் வாங்கித் தொழில் தொடங்குவது போன்ற பெரிய முடிவுகளை முதல் ஆண்டில் தள்ளிப்போடுவது நலம்.

இடையில் ஒரு நாள் குடித்துவிட்டால், எல்லாம் போயிற்று என்று மறுநாளும் தொடராமல், அன்றிரவே ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு அந்தத் தாளில் இன்னொரு வரியை எழுதி அடுத்த முறை மருத்துவரிடம் காட்டுங்கள். சொல்ல ஆளில்லையென்றால் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416 ஆகிய இரண்டும் கட்டணமில்லாதவை.