பழி பேட்டரி மேல், குற்றம் எர்த் கேபிளில்
சிங்கப்பூர் ஈசூன் கார்பேட்டையில் நிற்கும் என் பழைய டீசல் பிக்கப், காலையில் சாவியைத் திருப்பினால் முக்கி முனகிவிட்டு அடங்கிவிடும். பட்டறையில் பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன், இரண்டே வாரத்தில் மறுபடியும் அதே கதை.

சரி, நாமே பார்ப்போம் என்று வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியில் 12.6 வோல்ட், குறையே இல்லை. அப்புறம் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்துக்கொண்டு, மனைவியைச் சாவி திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாது; தாண்டினால் அந்த இரண்டுக்கும் நடுவே மின்சாரம் தடைபடுகிறது என்று அர்த்தம். 2 வோல்ட் காட்டியது! பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடு இணைக்கும் எர்த் கேபிளின் போல்ட்டுக்கு அடியில் துரு. நம்மூர் ஈரக்காற்றுக்குக் கேட்கவா வேண்டும்?

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, துருவை உப்புத்தாளால் தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். இப்போது 0.1 வோல்ட்தான். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. பழைய பேட்டரியைத்தான் அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டேன்.