புதுச்சேரியிலிருந்து பனி கொட்டும் ஊருக்கு: முதல் குளிர்காலத்துக்குத் தயாராவது எப்படி

அக்கா மகள் ஜனவரியில் மாண்ட்ரியலுக்குப் படிக்கப் போகிறாள். லாஸ்பேட்டையிலும் கடலூர் மஞ்சக்குப்பத்திலும் இருக்கிற அவளுடைய தோழிகள் சிலரும் கனடா கிளம்புகிறார்கள். "சித்தி, எதை இங்கேயே வாங்கணும், எதை அங்கே போய் வாங்கணும்?" என்று தினமும் போன் வருகிறது. நான் மாண்ட்ரியலில் குளிர்காலங்களைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவள் என்பதால் கேட்கிறாள். எல்லாருக்கும் உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன். விசா, வங்கிக் கணக்கு, சிம் கார்டு விஷயங்களைத் தொடவில்லை. உடம்பு, உடை, வீடு மட்டும்தான்.

படிகளுக்குப் போகும் முன் ஒன்று. நம்மூர்க்காரர்கள் குளிரை நினைத்தே பயப்படுகிறார்கள். குளிருக்கு உடை இருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது ஈரத்தை. உடம்பை ஒட்டி ஈரம் நிற்கக் கூடாது. வீட்டுக் காற்றில் ஈரம் வற்றிப் போகவும் கூடாது. நாம் கடற்கரைக்காரர்கள். பிறந்ததிலிருந்து வியர்வையும் உப்புக்காற்றும் பழகியவர்கள் என்பதால் இந்த இரண்டையும் யோசித்துப் பார்த்ததே இல்லை.

படி 1: இங்கே வாங்குவது, அங்கே வாங்குவது

பெரிய ஜாக்கெட்டை இங்கே வாங்காதீர்கள். நேரு வீதியிலோ சென்னையிலோ கிடைப்பது பெரும்பாலும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போதுமான ரகம். மாண்ட்ரியலில் ஜனவரி மாதச் சராசரி வெப்பநிலையே மைனஸ் 10 டிகிரிக்குப் பக்கம். சில இரவுகளில் மைனஸ் 25 வரைகூட இறங்கும். மார்கழி விடியலில் 20 டிகிரிக்கே குல்லா தேடுகிற ஊரில் இருந்துகொண்டு அந்தக் குளிருக்கான ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தாலும் உங்களுக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

இங்கிருந்து எடுத்துப் போக வேண்டியவை இவ்வளவுதான்: இரண்டு செட் தெர்மல் (குளிருக்கான உள்ளுடை), இரண்டு மூன்று ஜோடி கம்பளி சாக்ஸ், ஒரு ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழை மேல்சட்டை), காது மூடும் குல்லா, ஒரு ஜோடி கையுறை, விமான நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேரும்வரை தாங்குகிற ஒரு சுமாரான ஜாக்கெட். சென்னை டெகாத்லானில் இவை எல்லாமே கிடைக்கும். இவற்றைக் கைப்பையில் வையுங்கள். பெட்டி வந்து சேரத் தாமதமானாலும் நீங்கள் வெளியே போய்த்தான் ஆக வேண்டும்.

அங்கே போனதும் முதலில் பூட்ஸ், அப்புறம் ஜாக்கெட். பழைய துணிக் கடைகளுக்குத் தயங்காமல் போங்கள். ரெனெசான்ஸ், வில்லாஜ் தே வாலர் போன்ற கடைகளில் நல்ல ஜாக்கெட் குறைந்த விலைக்குக் கிடைக்கும், அங்கே அதை யாரும் குறைவாக நினைப்பதில்லை. ஆனால் பூட்ஸ் மட்டும் புதிதாக வாங்குங்கள். அடுத்தவர் காலுக்குப் படிந்துபோன பூட்ஸும், அடிப்பகுதி தேய்ந்த பூட்ஸும் ஐஸில் ஆபத்து.

படி 2: மூன்று அடுக்கு (இதை நிதானமாகப் படியுங்கள்)

எனக்குப் பிடிபட அதிக நாளான படி இதுதான். "நிறையப் போட்டால் குளிராது" என்பது பாதிதான் உண்மை.

உடம்பைச் சூடாக வைப்பது துணி இல்லை, துணிக்குள் சிக்கி அசையாமல் நிற்கிற காற்று. அந்தக் காற்று இருக்கிற இடத்தில் வியர்வை புகுந்துவிட்டால் கதை மாறிவிடும். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். பேருந்தைப் பிடிக்க ஓடுகிறீர்கள், உள்ளே வியர்க்கிறது. பேருந்து போய்விட்டது, அடுத்ததற்காக நிற்கிறீர்கள். ஓடும்போது வந்த அந்த வியர்வைதான் நிற்கும்போது உங்களை நடுங்க வைக்கும்.

அதனால் உடம்பை ஒட்டிப் பருத்தி வேண்டாம். இதைச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை. ஏ.எஃப்.டி. துணி மில் இருந்த ஊர் நம்முடையது, நம் வெயிலுக்குப் பருத்தியை மிஞ்சிய துணி கிடையாது. வெயிலில் அதை அருமையாக்குகிற குணம்தான் பனியில் எதிரி: ஈரத்தை உறிஞ்சும், சீக்கிரம் விடாது. பனியனும் ஜீன்ஸும் வீட்டுக்குள் இருக்கட்டும்.

முதல் அடுக்கு, தோலை ஒட்டியது. மெரினோ (மெல்லிய இழையுள்ள ஒரு வகை ஆட்டுக் கம்பளி) அல்லது பாலியஸ்டர். என் ஓட்டு மெரினோவுக்கு. விலை அதிகம்தான், ஆனால் ஈரமானாலும் ஓரளவு சூடு காக்கும், நாலைந்து நாள் போட்டாலும் வாடை வராது. ஆறு மலிவான செட்டைவிட இரண்டு மெரினோ செட் மேல். தொளதொளவென்று இல்லாமல் உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும்.

இரண்டாவது ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மூன்றாவது ஜாக்கெட். தொடை வரை நீளம், தலைமூடி, மணிக்கட்டில் இறுக்கம், ஜிப்புக்கு மேலே காற்றைத் தடுக்கும் மடிப்பு, இந்த நான்கையும் பாருங்கள். சீட்டில் போட்டிருக்கும் "மைனஸ் 30" போன்ற எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு வேறு. இறகு அடைத்த டவுன் ஜாக்கெட் எடை குறைவு, சூடு அதிகம். ஆனால் நனைந்தால் இறகு அமுங்கிப்போகும், அப்புறம் சூடு காக்காது. பூஜ்ஜியத்தை ஒட்டிய நாட்களில் மாண்ட்ரியலில் ஈரப்பனியும் மழையும் கலந்து விழும். அதனால் டவுன் வாங்கினால் மேல்துணி தண்ணீர் புகாததாக இருக்கட்டும்.

இப்போது பழக்கம். வீட்டை விட்டு இறங்கும்போது முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். வாசலிலேயே இதமாக இருந்தால், நடக்க ஆரம்பித்ததும் வியர்க்கப் போகிறது என்று பொருள். மெட்ரோவுக்குள் போனதும் ஜிப்பைத் திறங்கள், குல்லாவைக் கழற்றுங்கள். அங்கே மெட்ரோ முழுக்க நிலத்தடியில்தான் ஓடுகிறது. நகர மையத்தில் கட்டடங்களை இணைக்கும் நிலத்தடிப் பாதைகள் மட்டும் 30 கிலோமீட்டருக்கு மேல். வெளியே மைனஸ் 20, உள்ளே 20 என்று ஒரு நாளில் பல தடவை மாறிமாறிப் போவீர்கள். ஒவ்வொரு தடவையும் திறக்கவும் மூடவும் சோம்பல் படக் கூடாது.

படி 3: கால்

பூட்ஸைச் சாயங்காலம் போய், கம்பளி சாக்ஸ் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். விரல்கள் உள்ளே தாராளமாக அசைய வேண்டும். குளிருமே என்று இரண்டு சாக்ஸ் திணித்துப் பூட்ஸை இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். ஒரு தடித்த சாக்ஸ் போதும்.

உள்ளுறை தனியாகக் கழற்ற வருகிற பூட்ஸாக வாங்குங்கள். தினமும் இராத்திரி உள்ளுறையை வெளியே எடுத்து உலர வையுங்கள், ஹீட்டர் மேல் மட்டும் போடாதீர்கள். எனக்குப் பிடித்தது காமிக். மாண்ட்ரியல் நிறுவனம்தான், அந்த ஊர்ச் சேற்றுப்பனிக்கு ஏற்றபடி செய்கிறார்கள். சாலையில் தூவும் உப்பு தோல் பூட்ஸில் வெள்ளைக் கறையாகப் படியும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துடைத்தால் போய்விடும்.

பையில் எப்போதும் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் இருக்கட்டும். கோயிலுக்குப் போகும்போது இதன் அருமை தெரியும். வாசலில் எல்லாரும் கழற்றிய பூட்ஸிலிருந்து பனி உருகித் தரையெல்லாம் தண்ணீராக நிற்கும்.

படி 4: நடை

பனியில் நடப்பது எளிது, மெத்தென்று இருக்கும். சறுக்கிவிடுவது ஐஸ். அது மைனஸ் 20 இருக்கிற நாளைவிட, பூஜ்ஜியத்தைச் சுற்றி உருகி மறுபடி உறைகிற நாட்களில்தான் மோசம். எல்லாவற்றையும்விட மோசமானது உறைமழை. தண்ணீராக விழும், தரையைத் தொட்டதும் கண்ணாடிப் படலமாக இறுகும். 1998 ஜனவரியில் அப்படிப் பெய்த மழையில்தான் மாண்ட்ரியல் இருக்கிற கியூபெக் மாகாணத்தில் மின்கோபுரங்கள் சரிந்து, இலட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. உறைமழை எச்சரிக்கை வந்தால் வீட்டிலேயே இருங்கள்.

நம் கடற்கரைச் சாலையோரம் பாசி பிடித்த கருங்கற்கள் மேல் எப்படி நடப்போமோ அப்படி நடக்க வேண்டும்: அடி சிறியது, பாதம் முழுதாகப் பதிய, எடை முன்காலில், கை பாக்கெட்டுக்கு வெளியே. பூட்ஸில் மாட்டும் இரும்புப் பல் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்குள்ளோ மெட்ரோவுக்குள்ளோ போகும்முன் அதைக் கழற்றிவிட வேண்டும், டைல்ஸ் தரையில் அதுவே வழுக்கும்.

படி 5: முகம், விரல், காது

வானிலைச் செயலியில் வெப்பநிலையோடு "வின்ட் சில்" என்று இன்னொரு எண் இருக்கும். காற்றையும் சேர்த்து உடம்புக்கு எவ்வளவு குளிர் தெரியும் என்பது அது. அதைப் பார்த்துத்தான் உடுத்த வேண்டும். வின்ட் சில் மைனஸ் 28-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்துபோகலாம், மைனஸ் 40-ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம்.

தோல் வெளுத்துப்போனால் உறைந்துவிட்டது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். நம் நிறத்தில் அது சாம்பல் பூத்த மாதிரிதான் தெரியும், பல சமயம் கண்ணுக்கே தெரியாது. உணர்வை நம்புங்கள். வலித்துக்கொண்டிருந்த மூக்கு நுனியோ காது மடலோ திடீரென்று மரத்துப்போனால் உடனே உள்ளே போங்கள். தேய்க்கக் கூடாது, ஹீட்டர் முன்னால் காட்டவும் கூடாது. 37 முதல் 40 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைக்கலாம், முகம் காது என்றால் சூடான உள்ளங்கையால் மூடிக்கொள்ளலாம். உணர்வு திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட, நாலு விரலும் ஒன்றாக இருக்கிற மிட்டன் அதிகச் சூடு. போனை உள்பாக்கெட்டில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.

படி 6: வீட்டுக் காற்று

ஈரத்தின் மறுபக்கம் இது. புதுச்சேரியில் 30 டிகிரி வெயிலும் 75 சதவீத ஈரப்பதமும் இருக்கிற நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் 22 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். மைனஸ் 20 டிகிரிக் காற்றில் ஒரு கிராம்தான் நிற்கும். அந்தக் காற்று வீட்டுக்குள் வந்து ஹீட்டரில் 22 டிகிரிக்குச் சூடாகும்போது அதில் நீர் கூடுவதில்லை, காற்று வறண்டுபோகும். அதனால்தான் உதடு வெடிப்பது, மூக்கில் இரத்தம் கசிவது, கதவுப் பிடியைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிப்பது எல்லாம்.

முதல் மாதமே காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் ஒன்று வாங்குங்கள், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவியும். 30 முதல் 40 சதவீதம் போதும். நம்மூர் மாதிரி 70-க்குக் கொண்டுபோனால் சன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோத்து, சுவரில் பூசணம் பிடிக்கும். சோறு வடிக்கும்போதும் சாம்பார் கொதிக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள். மிளகாய் தாளித்தால் புகை எச்சரிக்கை மணி அலறும், அதற்கும் அந்த ஃபேன்தான் மருந்து.

குளியல் சுருக்கமாக, வெதுவெதுப்பான நீரில். துவட்டியும் துவட்டாமலும் தோல் ஈரமாக இருக்கும்போதே கிரீம் பூசிவிட வேண்டும். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும், வாய் அகன்ற டப்பாவில் ஊற்றி வையுங்கள். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு அப்படியே வெளியே போகும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஈர முடி தெருவிலேயே உறைந்து கம்பியாக நிற்கும்.

இட்லி மாவுக்குத் தனி வெப்பம் வேண்டும். ஓவனை மூட்டாமல் உள்விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை உள்ளே வையுங்கள், காலையில் பொங்கியிருக்கும். ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், கூட இருப்பவர் தெரியாமல் மூட்டிவிடுவார்.

படி 7: வெளிச்சம்

டிசம்பரில் மாலை நாலே காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். குளிர்கால வெயிலில் உடம்புக்குத் தேவையான வைட்டமின் டி உருவாகாது. கிளம்பும்முன் இங்கேயே ஒரு இரத்தப் பரிசோதனை செய்து, மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பகலில் அரை மணி நேரமாவது வெளியே நடங்கள். மனசு சோர்ந்தே கிடந்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள், யாரிடமாவது பேசுங்கள்.

பிற்சேர்க்கை 1: மூக்குத்தி பற்றிக் கேட்டிருந்தார்கள். உலோகம் சீக்கிரம் சில்லிட்டுத் தோலைச் சுடும். சின்ன மூக்குத்தி இருக்கட்டும், முகத்தை மூடிக்கொண்டால் போதும். பெரிய ஜிமிக்கியைப் போய்ச் சேர்ந்த இடத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். பொங்கலுக்குப் புடவை கட்டலாம், உள்ளே கம்பளி லெக்கிங் போட்டால் வெளியே தெரியாது.

பிற்சேர்க்கை 2: கார் வாங்குகிறவர்களுக்கு. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். நவம்பர் தொடக்கத்திலேயே மெக்கானிக்கிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.

பிற்சேர்க்கை 3: கைக்குழந்தையோடு கிளம்பும் ஒரு வாசகி, நெல்லிக்குப்பத்துக்காரர், கேட்டது. குழந்தைக்கு மப்ளர் சுற்றாதீர்கள், எங்காவது மாட்டி இறுக்கிவிடும். தலைவழியாக மாட்டும் கழுத்துக்குழாய் வாங்குங்கள். கார் இருக்கையில் உட்கார வைக்கும்போது தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பட்டையை உடம்போடு இறுக்கிப் போடுங்கள், போர்வையைப் பட்டைக்கு மேலே போர்த்துங்கள். ஜாக்கெட்டோடு பட்டை மாட்டினால், மோதும்போது ஜாக்கெட் அமுங்கிப் பட்டை தளர்ந்துவிடும்.