லாரலும் ஹார்டியும் பியானோ தூக்கிய படம்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த அக்கா பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ‘தி மியூசிக் பாக்ஸ்’ படத்தைப் போட்டுக் காட்டினேன். பியானோ முதல் தடவை படியில் உருண்டதும் இருவரும் சிரித்தார்கள். “இருங்கடா, இதைவிடப் பெருசா ஒண்ணு வரும்” என்று சொல்லிப் படத்தை வேகமாக முன்னே ஓட்டிவிட்டேன். அந்த இடமும் வந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. மறுநாள் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஆரம்பத்திலிருந்து போட்டு, கை வைக்காமல் ஓடவிட்டேன். முந்தின நாள் சும்மா உட்கார்ந்திருந்த அதே இடத்தில் சின்னவன் தரையில் புரண்டு சிரித்தான்.

லாரல், ஹார்டி என்ற ஒல்லி குண்டு நகைச்சுவை ஜோடியை வைத்து, 1932-இல் அமெரிக்காவின் ஹால் ரோச் ஸ்டுடியோவுக்காக ஜேம்ஸ் பாரட் இயக்கிய படம் இது. ஓடுவது அரை மணி நேரத்துக்கும் குறைவுதான். இரண்டு பேர், ஒரு குதிரை வண்டி, பெட்டியில் ஒரு பியானோ. மேட்டின் மேல் இருக்கும் வீட்டில் அதை இறக்க வேண்டும். நடுவில் நெடுக்காக ஒரே படிக்கட்டு. கதை இவ்வளவு சின்னதாக இருப்பதால்தான் நமக்கு ஓட்டிப் பார்க்கத் தோன்றுகிறது. எல்லாத் தவறுகளிலும் பெரிய தவறு அதுதான்.

ஏன் என்றால், இந்தப் படத்தில் பெட்டி விழுவது மட்டும் வேடிக்கை இல்லை. அது எவ்வளவு தூரம் ஏறிய பிறகு விழுகிறது என்பதில் இருக்கிறது விஷயம். ஒரு படி, மூச்சு வாங்கல், இன்னொரு படி. பார்க்கிற நமக்கே தோள் வலிக்க ஆரம்பித்துவிடும். அந்த நேரம் பார்த்துக் குழந்தை வண்டியோடு ஒரு பெண் மேலிருந்து இறங்கி வருகிறாள். அவளுக்கு வழிவிடப் போக, பெட்டி கையை விட்டு நழுவுகிறது. படிப் படியாக இடித்துக்கொண்டு தெரு வரைக்கும் போகிறது. ஏறிய கஷ்டத்தை நாமும் கூடவே பட்டிருந்தால்தான் அந்த இறக்கம் சிரிப்பாகும். நடுவில் இரண்டு நிமிடத்தை வெட்டினால், ஒரு பெட்டி விழுகிறது, அவ்வளவுதான். முப்பது நொடித் துண்டுகளாக இந்தப் படத்தைப் பகிர்பவர்கள் செய்வதும் இதைத்தான்.

தனியாக, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்ப்பதையும் தவிர்த்துவிடுங்கள். லாரல் ஹார்டி படங்களை வெளியிடுவதற்கு முன் தியேட்டரில் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டுவார்கள். எங்கே சிரிக்கிறார்கள், அந்தச் சிரிப்பு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனித்து, அதற்கு ஏற்றாற்போல் வெட்டி ஒட்டுவார்கள். ஹார்டி அடிபட்ட பிறகு, ‘பாருங்க என் நிலைமையை’ என்பதுபோல் கேமராவையே பார்த்துக்கொண்டு நிற்பாரே, அந்த இடைவெளி கூட்டம் சிரித்து முடிப்பதற்காக விட்டது. தனியாக உட்கார்ந்தால் அது வெறும் இழுவையாகத் தெரியும். நாலு பேர் சேர்ந்து உட்காருங்கள், அந்த இடம் தானாக நிரம்பிவிடும்.

அப்புறம், சத்தம். பழைய கறுப்பு வெள்ளை நகைச்சுவை என்றாலே ஊமைப்படம் என்று நினைத்து ஒலியைக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. இது பேசும் படம். பெட்டி ஒவ்வொரு படியில் இடிக்கும்போதும் உள்ளே பியானோ கம்பிகள் முனகுவது கேட்கும். பெட்டிக்குள் இருப்பதை நாம் பார்க்கவில்லை, காதால்தான் அதன் பாரத்தை நம்புகிறோம். இதே படிக்கட்டில் 1927-இல் ‘ஹேட்ஸ் ஆஃப்’ என்று ஒரு ஊமைப்படம் எடுத்தார்கள், பியானோவுக்குப் பதில் வாஷிங் மெஷின். அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. நினைக்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நிறம் ஏற்றிய பதிப்பு கிடைத்தால் அதை விட்டுவிடுங்கள். வெயிலடிக்கும் படிக்கட்டும் கறுப்புத் தொப்பிகளும் கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பாக இருக்கும்.

இன்னொரு தவறு, ஒல்லியானவர் நிஜத்திலும் அசடு என்று நினைப்பது. திரையில் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கும் ஸ்டான் லாரல்தான் இந்த ஜோடியின் மூளை. நகைச்சுவைக் காட்சிகளை யோசிப்பதிலிருந்து வெட்டி ஒட்டுவது வரை அவர் கை இருக்கும். படப்பிடிப்பு முடிந்தால் ஹார்டி கோல்ஃப் ஆடக் கிளம்பிவிடுவார். அதற்காக ஹார்டியைக் குறைத்து எடைபோடவும் கூடாது. அவ்வளவு கனமான உடம்பை வைத்துக்கொண்டு விரல் நுனியால் கழுத்துப் பட்டையை ஆட்டும் நளினம் வேறு யாருக்கும் வராது.

லாஸ் ஏஞ்சலஸில் சில்வர் லேக் பகுதியில், வெண்டோம் தெருவில் அந்தப் படிக்கட்டு இன்றும் இருக்கிறது. மொத்தம் 133 படிகள். படத்தில் இரண்டு பக்கமும் காலி மனை, இப்போது வீடுகளும் செடிகொடிகளும். போகிறவர்கள் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல் மேலே ஏறிப் பார்க்க வேண்டும். உச்சியில் படி முடியும் இடத்தில் நிஜமாகவே ஒரு சாலை ஓடுகிறது. படத்தில் இருவரும் உயிரைக் கொடுத்து ஏறி முடித்த பிறகு தபால்காரர் வந்து, வண்டியிலேயே சுற்றி வந்திருக்கலாமே என்பார். அதைக் கேட்டு அவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பியானோவைத் திரும்பக் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, அந்தச் சாலை வழியாக வருகிறார்கள்.

இந்த இடத்தோடு படம் முடிந்தது என்று எழுந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து போகாதீர்கள், வீட்டுக்குள் நடப்பது பாக்கி இருக்கிறது. வீட்டுக்காரர் பேராசிரியர், பில்லி கில்பர்ட் நடித்திருப்பார். பியானோ என்றாலே அவருக்கு ஆகாது. கோடாலி எடுத்துப் பிளக்க ஆரம்பிக்கிறார். அது தானே வாசிக்கும் பியானோ. அடி வாங்கிக்கொண்டே அமெரிக்க தேசிய கீதத்தை வாசிக்கத் தொடங்குகிறது. அந்தப் பாட்டு சட்டப்படி தேசிய கீதமானதே 1931-இல்தான். பேராசிரியர் கோடாலியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்று சல்யூட் அடிக்கிறார், பக்கத்தில் லாரலும் ஹார்டியும். பாட்டு முடிந்ததும் மறுபடி கோடாலியை ஓங்குகிறார்.